உம்மாட குடியும் வாப்பாட இனமும்

போன நோன்புக்கு முந்தி தம்பியின் வேலை விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தேன். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தைப் பார்த்து எழுத வேண்டியிருந்தது. தந்தையின் இனம்: இலங்கைச் சோனகர். தாயின் இனம்: இலங்கைச் சோனகர். சத்தமாக வாசித்துக்கொண்டே எழுதினேன். பக்கத்தில் பாயில் இருந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்த மூத்தம்மா கேட்டா:

"அதுல குடிய கேக்கல்லயா மனே?"

"இல்ல மூத்தம்மா, இனம் மட்டுந்தான்."

"குடியத் தெரியாம ஒராள ஆரெண்டு எப்பிடித் தெரியும்?"

சிரித்துவிட்டு எழுதி முடித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. மூத்தம்மாவுக்கு 'சோனகர்' என்பது ஆளைச் சொல்லாத சொல். அது எல்லாருக்கும் பொது. ஒருவரை ஒருவராக்குவது அவருடைய உம்மாவின் குடி. கந்தோருக்கோ குடி என்ற ஒன்று இருப்பதே தெரியாது. இந்த இரண்டு கணக்குகளும் எப்படி எதிரெதிராக வந்து நின்றன என்று தேடிப்போனதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தச் சொல். 'சோனகர்' என்பது யவனர், யோனகர் என்ற பழைய சொற்களின் வழி வந்தது. கடலுக்கு மேற்கே இருந்து வந்த ஆளைத் தமிழ் அப்படிக் கூப்பிட்டது. ஆங்கிலத்தில் எழுதும்போது அதே இடத்தில் 'மூர்' என்று போடுகிறோம். அது போர்த்துக்கேயர் தந்தது. மொரோக்கோப் பக்கத்து முஸ்லிம்களை அவர்கள் 'மூரோ' என்று அழைத்துப் பழகியிருந்தார்கள். 1505இல் கொழும்புக்கு வந்து இறங்கி, இங்கும் தொழுகிற மனிசரைக் கண்டதும் அதே பெயரை ஒட்டிவிட்டார்கள். மொரோக்கோவுக்கும் சம்மாந்துறைக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களிடம் கேட்க அன்றைக்கு ஆளில்லை. ஆக எங்கட இனத்தின் பெயர் தமிழிலும் வெளியாளைக் குறிக்கும் சொல், ஆங்கிலத்திலும் வெளியாளைக் குறிக்கும் சொல். இந்த மண்ணைச் சொல்லும் சொல் இரண்டிலும் இல்லை.

பெயர் இருந்தால் மட்டும் இனம் ஆகிவிடாது. எண்ண வேண்டும். 1871இல் பிரித்தானியர் இலங்கையில் முதலாவது நவீன குடிசன மதிப்பீட்டை எடுத்தார்கள். அதற்குப் பிறகு பத்து வருசத்துக்கு ஒரு தடவை ஆட்களை இனம் இனமாகப் பிரித்து எண்ணுவது வழக்கமாயிற்று. சிங்களவர் கரையோரம், கண்டி என இரண்டானார்கள். 1911இல் தமிழர் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரண்டானார்கள். சோனகரும் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என இரண்டானார்கள். எண்ணிக்கைக்குப் பின்னால் கதிரை இருந்தது. சட்ட நிரூபண சபையில் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு நியமன உறுப்பினர் என்பது அந்த ஆட்சியின் முறை. தமிழருக்கு ஒரு கதிரை இருந்தது. அதில் தமிழ் பேசுகிறவர் எல்லாரும் அடக்கம் என்றுதான் அரசாங்கம் நடந்துகொண்டது.

அந்தக் கதிரையில் இருந்தவர் பொன்னம்பலம் இராமநாதன். 1885இல் முஸ்லிம் விவாகப் பதிவுச் சட்டம் பற்றிய விவாதத்திலேயே அவர் இந்தக் கதையைத் தொட்டிருந்தார். 1888இல் ரோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இலங்கைக் கிளையில் ஒரு நீண்ட கட்டுரையாகவே வாசித்தார். இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிய கட்டுரை அது. மொழி, வரலாறு, பழக்கவழக்கம், உடலமைப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய், சோனகர் மதத்தால் முஸ்லிம், இனத்தால் தமிழர் என்று முடித்தார். வீட்டில் பேசுவது தமிழ், தாலி கட்டுகிறார்கள், சீதனம் கொடுக்கிறார்கள், முகத்தைப் பார்த்தாலும் தமிழர் மாதிரி. இதுதான் வாதத்தின் சாரம்.

இன்றைக்கு வாசித்தால் அதில் பாதி சரிபோலத்தான் படும். எங்கட கலியாண வீட்டைப் பார்த்த எவரும் அதை முழுசாக மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கட்டுரை வந்த நேரத்தைப் பாருங்கள். முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் வேண்டும் என்ற பேச்சு எழுந்திருந்த நேரம் அது. அடுத்த வருசமே, 1889இல், சபை விரிவாக்கப்பட்டு, சோனகருக்கென்று எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். 'நீங்களும் நாங்களும் ஒன்று' என்ற வார்த்தையை ஒருவர் எந்த நேரத்தில் சொல்கிறார் என்பதும் வரலாறுதான். ஒன்றாக இருப்போம் வா என்றும் அதற்குப் பொருள் வரும். உனக்குத் தனியாகக் கதிரை எதற்கு என்றும் பொருள் வரும்.

முஸ்லிம் பக்கத்தில் அன்றைக்கு எழுதத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. கண்டியில் சித்திலெப்பை 1882இலேயே 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் என்று பலரும் சொல்வது அதைத்தான். இந்த இடத்தில் ஒரு நிமிசம் நில்லுங்கள். தமிழர் வேறு, முஸ்லிம் வேறு என்று வழக்காடிக்கொண்டிருந்த அதே காலத்தில், ஈழத்துத் தமிழ் நாவல் ஒரு முஸ்லிமின் கையால் தொடங்குகிறது. இதை எங்கட பள்ளிக்கூடத் தமிழ்ப் பாடத்தில் ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இராமநாதனுக்கு முழுப் பதில் வந்தது 1907இல். எழுதியவர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ். அவருடைய வாதம் நேர் எதிர். எங்கட மூதாதையர் அரேபியாவில் இருந்து வந்த ஹாஷிம் வம்சத்தார். வந்த ஆண்கள் இங்குள்ள பெண்களை முடித்தார்கள். வியாபாரத்துக்குத் தமிழ் தேவைப்பட்டதால் தமிழ் பேசினார்கள். மொழி மாறினால் இனம் மாறாது. தாய்மார் தமிழராக இருந்தாலும் இனம் தகப்பன் வழியில்தான் இறங்கும். 1957இல் அந்த நூலைக் கொழும்பிலுள்ள சோனகர் இஸ்லாமிய கலாசார நிலையம் மறுபதிப்பாகப் போட்டது. 1956 தனிச் சிங்களச் சட்டத்துக்கு அடுத்த வருசம் என்பதைக் கவனியுங்கள்.

இடையில் 1915. கம்பளையில் பெரஹரா ஊர்வலம் பள்ளிவாசலைக் கடந்து போகும் பிரச்சினையில் தொடங்கி, மே மாதக் கடைசியில் தென்மேற்கு முழுக்கச் சோனகரின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பிரித்தானியர் இராணுவச் சட்டம் போட்டு, சிங்களத் தலைவர்களைச் சிறையில் அடைத்தார்கள். அந்தத் தலைவர்களுக்காகச் சபையில் முழங்கியவரும், பிறகு லண்டன் வரை போனவரும் அதே இராமநாதன்தான். இராணுவச் சட்டத்தின் அநியாயத்தை அவர் எதிர்த்தது சரிதான். ஆனால் அடிபட்ட சனத்தின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? 'நீங்கள் தமிழர்' என்று சொன்ன மனிசர், கடை எரிந்தபோது எரித்தவர் பக்கம் நின்றார் என்றுதான் விழுந்தது. அதற்குப் பிறகு நாங்கள் தமிழர் என்று ஒரு முஸ்லிம் தலைவர் மேடையில் சொல்வது லேசான காரியமாக இருக்கவில்லை.

இந்தச் சண்டையில் எனக்குப் படுகிற ஆகப்பெரிய குறை வேறு. இராமநாதனும் கொழும்பு, அஸீஸும் கொழும்பு. இரண்டு பேரும் கிழக்குக் கரைச் சனத்தின் கணக்கை எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு வாதமும் திக்குமுக்காடியிருக்கும்.

ஏனென்றால் இங்கே ஆள் இறங்குவது உம்மா வழியில்.

வெளியூர் வாசகருக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். சம்மாந்துறை, அக்கரைப்பற்று, கல்முனைக்குடி, நிந்தவூர் என்று இந்தக் கரையில் பிறந்த ஒருவருக்குக் குடி உண்டு. பிள்ளை உம்மாவின் குடி. வாப்பாவின் குடி வேறு, அது அவருடைய உம்மாவிடமிருந்து வந்தது. ஒரே குடிக்குள் கலியாணம் முடிக்கிறதில்லை, அவர்கள் உடன்பிறந்தார் மாதிரி. கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குப் போவார். வீடு பெண்ணுக்கு. வாப்பாவும் காக்காமாரும் உழைத்து உழைத்து வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, மூத்தவளுக்குக் கொடுத்த வீட்டுக்குப் பக்கத்தில் இளையவளுக்கு இன்னொன்று கட்டுவார்கள். எங்கட ஒழுங்கைகளில் தாத்தா தங்கச்சி வீடுகள் வரிசையாக இருப்பதன் காரணம் இதுதான். (இந்த வழக்கம் ஆண்பிள்ளைகளின் முதுகை எப்படி முறிக்கிறது, வீடு கட்ட வசதியில்லாத குடும்பத்துப் பெண்பிள்ளைகள் எப்படிக் காத்துக் கிடக்கிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்கு உரிய கதை. தாய்வழி என்றதும் பெண்ணாட்சி என்று யாரும் கனவு காண வேண்டாம். சொத்து அவள் பேரில், முடிவு ஆம்பிளையள் கையில்.)

பள்ளிவாசல் நிருவாகத்திலும் குடி நின்றது. குடிக்கு ஒரு மரைக்கார் என்பது பழைய முறை. தமிழ்ப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கேயும் குடி இருக்கிறது, அங்கேயும் அது தாய்வழி. கோயிலில் குடிக்கு ஒரு வண்ணக்கர். பெயரைத்தான் மாற்ற வேண்டும், அமைப்பு ஒன்றுதான். 'மட்டக்களப்பு மான்மியம்' என்ற பழைய ஏட்டுத் தொகுப்பு எப்.எக்ஸ்.சி. நடராசாவின் பதிப்பாக 1962இல் வந்தது. குடிகளும் கோயில் உரிமைகளும் அதில் நிறையப் பேசப்படுகின்றன. 1876இல் பிரிட்டோ என்பவர் மட்டக்களப்பு முக்குவரின் தாய்வழிச் சொத்துச் சட்டத்தைப் புத்தகமாகவே போட்டார். அதே 1876இல் வந்த பரம்பரைச் சொத்துச் சட்டத்தோடு அந்த முக்குவச் சட்டம் நீதிமன்றத்தில் செல்லாக்காசாகிப் போனது. முஸ்லிம்களுக்கு 1931இல் வந்த வாரிசுச் சட்டம் மார்க்கப்படி பங்கு பிரிக்கச் சொல்கிறது. சட்டம் அப்படியே இருக்க, சனம் உயிரோடு இருக்கும்போதே வீட்டைச் சீதனமாக மகளின் பேரில் எழுதிவிடுகிறது. மௌத்தான பிறகு பங்கு பிரிக்க வீடு மிஞ்சினால்தானே!

1969 தொடக்கம் அக்கரைப்பற்றில் வந்து தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதையெல்லாம் பல வருசமாக எழுதி, 2008இல் பெரிய நூலாகப் போட்டார். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே அச்சில் வார்த்த சமூக அமைப்போடு பக்கத்துப் பக்கத்தில் வாழ்வதைப் பதிவுசெய்தது அந்த நூல். எங்கட பக்கக் குடிப் பெயர்களில் பொன்னாச்சி குடி, ராசாம்பிள்ளை குடி என்றெல்லாம் உண்டு. பொன்னாச்சியில் அரபு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

இப்போது அஸீஸின் வாதத்தை இங்கே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். அரபு தேசத்து வாப்பா ஒருவர் கப்பலில் வந்து இறங்கினார் என்றே வைத்துக்கொள்வோம். சம்மாந்துறையே சம்பான் வந்து நின்ற துறை, அதனால் வந்த பேர் என்றுதானே பெரியாக்கள் சொல்வார்கள். அவர் இங்கே ஒரு பெண்ணை முடித்தார். பிள்ளை பிறந்தது. ஊர்க்கணக்கில் அந்தப் பிள்ளை யார்? உம்மாவின் குடி. வாப்பா எவ்வளவு பெரிய வம்சமாக இருந்தாலும் இந்தக் கணக்கில் அவர் வந்துபோன விருந்தாளி.

அப்ப இராமநாதன் சொன்னது சரி, நாங்கள் தமிழர்தானே என்று யாராவது துள்ளினால், அதுவும் அவ்வளவு லேசில்லை. தமிழர் என்றால் எந்தத் தமிழர்? இந்தத் தாய்வழிக் குடி யாழ்ப்பாணத்து வழக்கமே அல்ல. அங்கே தேசவழமை வேறு, கோயில் நிருவாகம் வேறு. இதைப் போன்ற அமைப்பைத் தேடிப் போனால் கேரளத்தில்தான் கால் நிற்கிறது. மலபார்க் கரையில் கண்ணூர்ப் பக்கத்து மாப்பிளை முஸ்லிம்களிடம் தாய்வழி உண்டு, அங்கே அறக்கல் அரச குடும்பமே முஸ்லிம், அதுவும் தாய்வழி. லட்சத்தீவு முஸ்லிம்களும் அப்படியே. 1215இல் பொலநறுவையைப் பிடித்த மாகனின் படையில் கேரள வீரர்கள் இருந்ததாகச் சூளவம்சம் சொல்கிறது. முக்குவரும் மலபாரில் இருந்து வந்தவர்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். ஆக இந்தக் கரையின் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் யாழ்ப்பாணத்தையும் மக்காவையும் விடக் கிட்டத்து உறவு கண்ணூரில் இருக்கக்கூடும். கொழும்பில் நடந்த வழக்கில் கண்ணூரைச் சாட்சிக்கு யாரும் கூப்பிடவில்லை.

ஊரிலே இதற்கு ஒரு கதையும் இருக்கிறது. திமிலரோடு சண்டை வந்தபோது முக்குவர் முஸ்லிம்களின் உதவியைக் கேட்டார்களாம். இருவரும் சேர்ந்து திமிலரை வெருகல் வரைக்கும் துரத்தினார்களாம். அந்த நன்றிக்கு முக்குவர் தங்கட பெண்களைக் கட்டிக் கொடுத்தார்களாம். அதனால்தான் குடியும் சேர்ந்து வந்தது என்பார்கள். நடந்ததோ இல்லையோ தெரியாது, அது கதை. ஆனால் கதை என்ன சொல்கிறது? நாங்கள் வேறு வேறு, ஆனால் மச்சான் மச்சான் முறை. அண்ணன் தம்பி என்று அது சொல்லவில்லை. சம்பந்தம் செய்துகொள்ளக்கூடிய வேறு ஆள் என்கிறது. எனக்கு இந்தக் கதை இராமநாதனை விடவும் அஸீஸை விடவும் நுணுக்கமாகத்தான் படுகிறது.

தகப்பன் வழி இரத்தத்தைத் தேடும் இந்த வியாதி எங்கட நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவை எடுங்கள். அங்கே நெடுங்காலம் வெள்ளையருக்கும், உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பருக்கும் மட்டும்தான் வெளியில் இருந்து வந்து குடியுரிமை எடுக்கலாம். ஆகவே வந்து இறங்கிய ஒவ்வொருவரும் தான் வெள்ளை என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருந்தது. 1915இல், இங்கே கடைகள் எரிந்த அதே வருசம், ஜோர்ஜ் டோ என்ற சிரியாக்காரர் மேன்முறையீட்டில் வென்று 'வெள்ளை' ஆனார். 1923இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆரியர் என்பதால் தானும் அந்த இனம்தான் என்றார். சாதாரண மனிசர் வெள்ளை என்று நினைப்பது உன்னை அல்ல என்று தள்ளிவிட்டார்கள். அறிவியல் பேசினால் சாதாரண ஆளின் கண், கண்ணைப் பேசினால் அறிவியல். 1960 வரைக்கும் கணக்கெடுக்க வந்தவரே ஆளைப் பார்த்து இனத்தை எழுதினார். ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம் என்று வந்தது 2000ஆம் ஆண்டில்தான். அரபிகளை இவ்வளவு காலமும் வெள்ளையர் பெட்டிக்குள் போட்டுவிட்டு, மத்திய கிழக்கு, வட ஆபிரிக்கா என்ற தனிப்பெட்டிக்கு 2024 மார்ச்சில்தான் அங்கே சம்மதித்தார்கள். அங்கே அரபிகள் தங்களை அரபி என்று எழுத நூறு வருசம் மல்லுக்கட்ட, இங்கே நாங்கள் அரபி என்று காட்ட நூறு வருசம் மல்லுக்கட்டியிருக்கிறோம். பெட்டி எதுவோ, அதற்குத் தக்கதாக வம்சம்.

திரும்ப ஊருக்கு வருவோம். குடிக்கணக்கு மங்கி இனக்கணக்கு மேலே வந்தது எப்போது என்றால், காணிக்கு இனத்தை வைத்து எண்ணத் தொடங்கிய பிறகு என்றுதான் சொல்வேன். 1949இல் கல்லோயாத் திட்டம் வந்தது. மேற்கே சேனாநாயக்க சமுத்திரம் எழும்பியது, சிங்களக் குடியேற்றங்கள் வந்தன. 1956இல் அந்தக் குடியேற்றப் பகுதியில் தமிழர் கொல்லப்பட்டார்கள். 1961இல் மட்டக்களப்பில் இருந்து அம்பாறை தனி மாவட்டமானது. 2012 கணக்குப்படி மாவட்டத்தில் சோனகர் 43 வீதத்துக்குக் கொஞ்சம் மேல், சிங்களவர் 39 வீதத்துக்குக் கிட்ட, தமிழர் 17 வீதமளவில். இந்த மூன்று இலக்கத்தையும் எங்கட ஊர்த் தேநீர்க் கடையில் யாரைக் கேட்டாலும் மனப்பாடமாகச் சொல்வார்கள். தங்கட கொள்ளுத் தாத்தாவின் பேரைத் தெரியாதவர்களும் சொல்வார்கள்.

அரசியலும் அதே ஓட்டத்தில் போனது. சம்மாந்துறையில் பிறந்த எம்.எச்.எம். அஷ்ரஃப் 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு நின்றார். நாலே வருசத்தில், 1981இல், காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸ் தொடங்கியது. 1985இல் காரைதீவில் வீடுகள் எரிந்தன. அந்த நெருப்பில் எங்கட ஆக்களின் கையும் இருந்தது.

அதற்குப் பிறகு 1990. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூர். இதெல்லாம் எங்கட வீடுகளில் ஒவ்வொரு ஆகஸ்டும் பேசப்படும். பேசப்படாதது ஏறாவூருக்கு அடுத்த நாள். எங்கட எல்லையிலேயே, வயலைக் கடந்தால் வருகிற வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு அங்கே நினைவுத் தூண் இருக்கிறது, வருசா வருசம் விளக்கேற்றுகிறார்கள். செய்தவர்களில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் இருந்தார்கள் என்று அந்தச் சனம் சொல்கிறது. நான் பள்ளிக்கூடம் முடிக்கும் வரைக்கும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. பல்கலைக்கழகத்தில் ஒரு வீரமுனைப் பிள்ளை சொல்லித்தான் தெரியும். வீட்டில் வந்து கேட்டபோது வாப்பா எழும்பி வெளியே போனார். மூத்தம்மா மட்டும் சொன்னா: "எங்கட கண்டத்துல வெட்டுக்கு வந்த ஆக்கள் மனே அவங்க."

'தொப்பி பிரட்டி' என்று அவர்கள் எங்களுக்கு ஏசியதும், நாங்கள் அவர்களுக்கு ஏசியதும் எல்லாருக்கும் தெரியும். இப்போது துவக்கு இல்லை, கோப்பு இருக்கிறது. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவதா இல்லையா என்று 2019 ஜூனில் உண்ணாவிரதம், அதற்கு எதிராகச் சத்தியாக்கிரகம். ஏப்ரல் குண்டுவெடிப்பும் சாய்ந்தமருதுச் சம்பவமும் நடந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை. இது தமிழர் முஸ்லிம் சண்டை மட்டும் என்று நினைத்தால் சாய்ந்தமருதைப் பாருங்கள். முஸ்லிம்களே முஸ்லிம்களிடமிருந்து தனி சபை கேட்டுப் பல வருசம் போராடி, 2020 பெப்ரவரியில் வர்த்தமானியும் வந்து, சில நாளிலேயே அது நிறுத்தப்பட்டது. ஒரே இனம், ஒரே மார்க்கம், ஒரே மொழி. எல்லைதான் வேறு.

கல்முனைக்குடியில் பிறந்த எம்.ஏ. நுஃமான் முஸ்லிம் அடையாளம் பற்றி எழுதியவற்றைப் பின்னாளில்தான் வாசித்தேன். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட சனம் தன்னைத் தமிழர் என்று சொல்லாதது ஏன் என்பதை அவர் அரசியலில் வைத்து விளக்குகிறார். இரத்தத்தில் தேடவில்லை. அவரை வாசித்த பிறகு, சோனகர் என்று எழுதுவதில் எனக்குச் சங்கடம் குறைந்தது. அதை அரபியின் பேரப்பிள்ளை என்பதற்கான அத்தாட்சியாக எடுக்காமல், நூறு வருசத்துக்கு முந்தி நடந்த ஒரு வழக்கின் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறேன்.

விண்ணப்பத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து, மூத்தம்மாவிடம் அந்த வீரமுனைப் பிள்ளையின் கதையைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன், தாயின் பேரைச் சொன்னேன். பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டா:

"அந்தப் புள்ளேட குடி என்னவாம்?"

அடுத்த தடவை கண்டால் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.